ஒழுகுவது ரேடியேட்டர்தானா?

முதல் தடவை என் காரில், இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் ஒழுகியபோது ரேடியேட்டரையே மாற்றிவிட்டேன். கார் நின்ற இடத்தில், முன்பக்கம் வலது மூலையில், உள்ளங்கை அகலத்துக்குப் பச்சை ஈரம். குனிந்து பார்த்தால் ரேடியேட்டரின் அடி விளிம்பில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருக்கிறது. பட்டறையில் காட்டினேன். "ரேடியேட்டர் போச்சு" என்றார்கள். பார்த்தால் எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. புதிது மாட்டி மூன்றாம் நாள் காலையில் அதே இடத்தில் அதே பச்சை.

உண்மையில் கசிந்தது ஒன்றரை அடி பின்னால், ஹீட்டருக்குப் போகும் விரல் பருமன் ரப்பர் ஹோஸின் கிளிப்பில். அங்கிருந்து வழிந்த கூலன்ட், இன்ஜினுக்குக் கீழே குறுக்காகப் போகும் இரும்புச் சட்டத்தின் மேல் ஓடிவந்து ரேடியேட்டரின் அடியில் சொட்டியிருக்கிறது. ஸ்க்ரூ டிரைவரை வைத்து ஒன்றரைச் சுற்று திருகினேன். நின்றுவிட்டது. கழற்றிய பழைய ரேடியேட்டரைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் காற்றடித்துப் பார்த்தேன். ஒரு குமிழிகூட வரவில்லை.

நான் மெக்கானிக் இல்லை. ஒரு பள்ளியின் இயற்பியல் ஆய்வகத்தில் உதவியாளர் வேலை. காருக்கு வயது 16. ஆனால் என் சித்தப்பா வாழ்நாள் முழுக்க ரேடியேட்டர் பற்றவைத்தவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே அவர் சொன்னார்: "ஒழுகுற இடம் வேற, சொட்டுற இடம் வேறம்மா. நீ சொட்டுற இடத்துக்கு வைத்தியம் பார்த்திருக்கே." அதற்குப் பிறகு மூன்று முறை ஒழுகியிருக்கிறது; மூன்றையும் நானே பார்த்தேன். ஒன்று ஹோஸ், ஒன்று நிஜமாகவே ரேடியேட்டரில் ஊசித்துளை, ஒன்று பிளாஸ்டிக் டேங்கில் விரிசல்.

சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காதீர்கள்

இது எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் ஆண்டுதோறும் யாராவது கையைப் பொசுக்கிக்கொள்கிறார்கள். ஏன் என்று தெரிந்தால் கை தானாகவே பின்வாங்கும்.

ரேடியேட்டர் மூடி வெறும் மூடி அல்ல, வால்வு. அதன் தலையில் 0.9 என்றோ 1.1 என்றோ எழுதியிருக்கும். சிலவற்றில் 13, 16 என்று இருக்கும். இரண்டும் அழுத்தத்தின் அலகுகள்: முன்னது 'பார்' கணக்கு, பின்னது பி.எஸ்.ஐ. அத்தனை அழுத்தம் வரும்வரை உள்ளே இருப்பதை வெளியே விடாது. அழுத்தம் கூடினால் கொதிநிலை கூடும். வெறும் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். காற்றழுத்தத்துக்கு மேல் 1 பார் ஏற்றிவிட்டால் 120 வரை தாங்கும். கூலன்டும் தண்ணீரும் சரிபாதி கலந்திருந்தால் ஏறக்குறைய 129 வரை. ஆக, உள்ளே 110 டிகிரியில் சாதுவாக நிற்கும் திரவத்தின் மேலிருந்து நீங்கள் மூடியைத் திருகி அழுத்தத்தை எடுத்துவிடுகிறீர்கள். அந்த நொடியே அது கொதித்து ஆவியோடு முகத்துக்கு நேரே வரும். திறந்த பிறகு தள்ளி நிற்கலாம் என்பதற்கெல்லாம் நேரம் கிடையாது.

அணைத்து ஒரு மணி நேரமாவது விடுங்கள். பிறகு மேல் ஹோஸைத் துணியால் பிடித்து அமுக்குங்கள். கல் மாதிரி விறைப்பாக இருந்தால் இன்னும் அழுத்தம் இருக்கிறது என்று அர்த்தம். வெறுங்கையில் பிடிக்க முடிந்து, பிசைந்த மாவு போல அமுங்கினால் திறக்கலாம். அப்போதும் மூடியின் மேல் தடித்த துணி, முகம் ஒரு பக்கமாக, முதல் படிக்குத் திருப்பி "உஸ்" சத்தம் அடங்கும்வரை பொறுமை.

இன்னொன்று. மின்விசிறி வைத்த கார்களில், சாவியை எடுத்த பிறகும் விசிறி திடீரென்று சுற்றத் தொடங்கலாம். உள்ளே விரலை விடுவதற்கு முன்னால் பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றுங்கள்.

தரையில் இருப்பது என்ன?

காருக்கு அடியில் ஈரம் என்றாலே அது கூலன்ட் என்று ஆகிவிடாது. ஏ.சி. ஓடினால் தெளிந்த தண்ணீர் சொட்டும். வாசனையும் வழவழப்பும் இராது, அது சொட்டத்தான் வேண்டும். கண்ணாடி கழுவும் தண்ணீர் பெரும்பாலும் நீலம், சோப்பு வாசனை. எண்ணெய் என்றால் தொட்டதுமே தெரிந்துவிடும். வெள்ளைக் காகிதத்தில் ஒற்றி வெளிச்சத்தில் பாருங்கள். பச்சையோ, சிவப்போ, ரோஜா நிறமோ தெரிந்து, விரலுக்கு இடையில் லேசாக வழுக்கி, தித்திப்பான மணம் அடித்தால் கூலன்ட்.

நாக்கில் வைத்துப் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். வேண்டாம். பெரும்பாலான கூலன்டுகளில் இருப்பது எத்திலீன் கிளைக்கால். அது இனிக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். நாய் அந்த இனிப்புக்காகவே நக்கும். பூனைக்கு இனிப்புத் தெரியாது, ஆனாலும் நக்கிவிடும். கொஞ்சம் போனாலே உயிருக்கு ஆபத்து. ஆகவே தரையில் சிந்தியதை உடனே துடைத்துக் கழுவிவிடுங்கள். வடித்ததைச் சாக்கடையில் ஊற்றாமல் கேனில் அடைத்து, பழைய ஆயில் வாங்குகிற இடத்தில் கொடுங்கள்.

ஊற்றுக்கண்ணைத் தேடுவது

நான் செய்வது இதுதான். ராத்திரி காரை நிறுத்தும்போது அடியில் ஒரு பெரிய அட்டையைத் தள்ளி விடுகிறேன். சக்கரங்கள் எங்கே இருக்கின்றன என்று அதில் பென்சிலால் குறித்துக்கொள்கிறேன். காலையில் கறை எங்கே விழுந்திருக்கிறது என்று பார்த்தால், தேட வேண்டிய மூலை தெரிந்துவிடும். அந்த மூலையில் தேடுங்கள், ஆனால் அந்த மூலையோடு நின்றுவிடாதீர்கள். ஈரத்தைப் பிடித்துக்கொண்டு மேலே மேலே போக வேண்டும். எது உச்சியில் இருக்கும் ஈரமோ அதுதான் ஊற்று.

கூலன்ட் காய்ந்த இடத்தில் ஒரு பொருக்குத் தங்கும். தண்ணீரெல்லாம் ஆவியாகிப் போன பின் சாயமும் உப்பும் மட்டும் மிஞ்சி, வெளிறிய பச்சையாகவோ வெள்ளையாகவோ பல்காரை போல ஒட்டியிருக்கும். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்தால் நேரே அடிப்பதைவிட நன்றாகத் தெரியும். எட்டாத இடத்துக்குச் சின்னக் கண்ணாடி, இல்லையென்றால் போனை உள்ளே நீட்டி வீடியோ எடுத்துப் பார்க்கலாம்.

எந்த இடங்கள்? மேல் ஹோஸ், கீழ் ஹோஸ் இரண்டின் இரு முனைகளும். ரேடியேட்டரின் நடுவே இருக்கும் அலுமினியக் கோரும் பிளாஸ்டிக் டேங்கும் சேர்கிற விளிம்பு; அங்கே அலுமினியப் பற்களை மடித்துக் கடித்துவைத்திருப்பார்கள், உள்ளே ரப்பர் வளையம் இருக்கும், வயதானால் அது கல்லாகிவிடும். டேங்கில் ஹோஸ் மாட்டும் கழுத்து. அடியில் இருக்கும் வடிகால் திருகு. கோரின் முகம், சாலையில் தெறிக்கும் கல் அங்கேதான் குத்தும். பிறகு மூடி. மூடியின் ரப்பரில் வெடிப்பிருந்தால் கழுத்தைச் சுற்றிப் பொருக்கு இருக்கும். மூடிக்குள் இன்னொரு சின்ன வால்வு உண்டு. சூட்டில் வெளியேறிய கூலன்ட் பக்கத்து டப்பாவில் தங்கும்; இன்ஜின் ஆறும்போது அதைத் திரும்ப உறிஞ்ச விடுவது அதுதான். அது அடைத்துக்கொண்டால் காலையில் மேல் ஹோஸ் சப்பிப்போய்க் கிடக்கும். இந்த எல்லாவற்றிலும் மூடிதான் மலிவு. சந்தேகம் வந்தால் அதே எண் போட்ட புது மூடியை முதலில் மாற்றிவிடுங்கள். "அழுத்தம் கூடுதலாகத் தாங்கட்டும்" என்று பெரிய எண் வாங்கினால் அடுத்துப் போவது ஹோஸ் அல்லது டேங்க்.

குளிர்ந்திருக்கும்போது ஒன்றுமே தெரியாமல் போகலாம். ஊசித்துளை அழுத்தம் ஏறினால்தான் வாய் திறக்கும். இதற்கென்று கைப்பம்பு ஒன்று இருக்கிறது, மூடிக்குப் பதிலாக மாட்டி அடிப்பது. அதில் அழுத்தமானி இருக்கும். மூடியில் எழுதிய எண் வரை அடித்து, பத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள். முள் அசையாமல் நின்றால் பொதுவாகக் கசிவு இல்லை. இறங்கினால் அந்தப் பத்து நிமிடத்தில் டார்ச்சோடு தேடலாம், இன்ஜின் குளிர்ந்திருப்பதால் கை சுடாது. வாங்க வேண்டாம், வாடகைக்கோ இரவலுக்கோ கிடைத்தால் போதும்.

அதுவும் இல்லையென்றால் காரை ஓட்டி நன்றாகச் சூடேற்றி நிறுத்துங்கள். அணைத்ததும் பானெட்டைத் திறந்து மூடியைத் தொடாமல் வேடிக்கை மட்டும் பாருங்கள். இன்ஜின் நின்றதும் தண்ணீர் ஓட்டமும் நின்றுவிடும், ஆனால் உலோகத்தில் இருக்கும் சூடு கூலன்டில் ஏறிக்கொண்டே இருக்கும். அதனால் அணைத்த முதல் சில நிமிடங்களில் அழுத்தம் உச்சத்துக்குப் போகும். ஓடும்போது ஒழுகாதது நிறுத்தியதும் ஒழுகுவது இதனால்தான். என் ஊசித்துளையை இப்படித்தான் கண்டுபிடித்தேன்: விசிறிக்குப் பின்னாலிருந்து தலைமுடி மாதிரி ஒரு பீற்றல், டார்ச் வெளிச்சத்தில் மட்டும் மின்னியது. ஐந்து நிமிடத்தில் அதுவும் மறைந்துவிட்டது.

தரையில் ஒரு சொட்டும் இல்லை, ஆனால் டப்பாவில் அளவு குறைகிறது என்றால் விஷயம் வேறு. காருக்குள் தித்திப்பு வாசனை, முன்கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்கான மூடுபனி, பக்கத்து இருக்கைக் கால்விரிப்பில் ஈரம் என்றால், ஹீட்டருக்குள் இருக்கும் குட்டி ரேடியேட்டரான ஹீட்டர் கோர். பெல்ட்டுக்குப் பின்னால் வாட்டர் பம்பின் சின்னத் துவாரத்திலிருந்து வழிந்தால் பம்பின் சீல். குளிர்ந்த இன்ஜினை மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்ததும் கூலன்டில் விடாமல் குமிழி வந்து, சூடான பிறகும் புகைக்குழாயில் வெள்ளைப் புகை போனால், இன்ஜினின் தலைப்பகுதிக்கும் உடலுக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கெட். ஆயில் மூடியின் உட்புறம் மோர் போல இருந்தாலும் அந்தச் சந்தேகம்தான். குறைந்த தூரமே ஓடும் காரில் வெறும் ஈரப்பதத்தாலும் அப்படி ஆகும் என்பதால் அதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். ஆட்டோமேட்டிக் கியர் வண்டியில் கூலன்ட் ரோஜா நிறப் பால் மாதிரி ஆகியிருந்தால், ரேடியேட்டருக்குள் இருக்கும் கியர் ஆயில் குழாய் உடைந்து இரண்டும் கலந்திருக்கிறது. அந்தக் காரை ஓட்டாமல் இழுத்துப் போங்கள். இவை எதுவும் இந்தக் கட்டுரைக்குள் அடங்காது.

வழியில் நின்றுவிட்டால்

வெப்பமானி முள்ளை முழுதாக நம்பாதீர்கள். கூலன்ட் மட்டம் சென்சாருக்குக் கீழே இறங்கிவிட்டால் அது வெறும் காற்றைத்தான் அளக்கும். இன்ஜின் வெந்துகொண்டிருக்கும்போது முள் இறங்கிக்கூடக் காட்டும். ஹீட்டரைத் திறந்தால் சூடு வராமல் சாதாரணக் காற்று வருகிறதென்றால் உள்ளே கூலன்ட் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

முள் ஏறுகிறது, நிறுத்த இன்னும் இடம் வரவில்லை என்றால் ஏ.சி.யை அணைத்து ஹீட்டரை முழுதாகத் திறந்து, எல்லா ஜன்னலையும் இறக்குங்கள். வியர்த்துக் கொட்டும், ஆனால் ஹீட்டர் ஒரு குட்டி ரேடியேட்டர். பிறகு ஓரங்கட்டி, அணைத்து, ஆற விட்டு, தண்ணீர் ஊற்றுங்கள். கொதிக்கும் இன்ஜினில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் இரும்பே வெடிக்கலாம். ஆறிய பின் ஊற்றினால், சின்னக் கசிவாக இருந்தால் மூடியை முதல் படியோடு தளர்வாக விட்டு மெதுவாக ஓட்டலாம்; அழுத்தம் ஏறாததால் ஒழுக்கு குறையும். ஆனால் கொதிநிலையும் இறங்கிவிடும், மறக்க வேண்டாம். பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்கு ஒருமுறை நிறுத்தி, ஆற விட்டு, பார்த்துவிட்டுப் போக வேண்டும்.

முட்டை வெள்ளை, மிளகுத் தூள் எல்லாம் ஊற்றலாம் என்பார்கள். சில சமயம் நிற்கத்தான் செய்கிறது. எது ஊசித்துளையை அடைக்கிறதோ அது ஹீட்டர் கோரின் மெல்லிய குழாயையும் அடைக்கும். டப்பாவில் விற்கும் லீக் அடைப்பானும் அதே வேலையைக் கொஞ்சம் நாகரிகமாகச் செய்கிறது. வீடு போய்ச் சேர வேறு வழியே இல்லாதபோது, அதன் லேபிளில் எழுதியிருக்கும் அளவுக்கு மேல் ஒரு கரண்டிகூடக் கூட்டாமல் ஊற்றுவேன். அதை வைத்தே காலம் தள்ளுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நான் செய்ய மாட்டேன்.

ஹோஸ் என்றால்

முதலில் கிளிப்பை இறுக்கிப் பாருங்கள். அளவோடு. திருகுக் கிளிப்பை மூச்சைப் பிடித்து இறுக்கினால் ரப்பரை அறுக்கும், பிளாஸ்டிக் கழுத்தை உடைக்கும். ஸ்பிரிங் கிளிப் பார்க்கச் சாதுவாக இருந்தாலும், ஹோஸ் விரியச் சுருங்கத் தானும் கூடவே விரிந்து சுருங்கும். வேலை செய்தால் அதை மாற்றாதீர்கள். ஹோஸின் முனை உப்பியிருந்தால், அமுக்கினால் நறநற என்றால், மடித்தால் வெடிப்புத் தெரிந்தால் மாற்றிவிடுங்கள்.

பழைய ஹோஸ் கழுத்தோடு ஒட்டிக்கொண்டு வர மறுக்கும். ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பக் கூடாது. முதல் தடவை நான் அப்படித்தான் நெம்பப் போனேன். சித்தப்பா கையில் தட்டினார். "கழுத்து உடைஞ்சா ஹோஸ் வேலை ரேடியேட்டர் வேலை ஆயிடும்." இடம் வலமாகத் திருகி ஒட்டை விடுவித்து அப்புறம் இழுங்கள். வரவே வராவிட்டால் ஹோஸைக் கத்தியால் நீளவாக்கில் கீறி உரித்துவிடுங்கள், புதிது போடத்தானே போகிறீர்கள். மாட்டும் முன் கழுத்தில் படிந்த பொருக்கை வழவழப்பாகும்வரை தேய்த்து எடுக்க வேண்டும். நிறைய பேர் இதை விட்டுவிட்டு, புது ஹோஸும் ஒழுகுகிறது என்று புலம்புவார்கள்.

ஊசித்துளை: எபாக்ஸி போட்ட கதை

சித்தப்பா காலத்து ரேடியேட்டர் செம்பும் பித்தளையும். துளை வந்தால் சுரண்டி, அமிலம் தடவி, ஈயத்தை உருக்கி ஊற்றினால் ஆயிற்று. எத்தனை தடவை வேண்டுமானாலும் செய்யலாம். இப்போதைய கார்களில் கோர் அலுமினியம், டேங்க் பிளாஸ்டிக். அலுமினியத்தைச் சுரண்டிய மறுநொடியே அதன் மேல் ஆக்சைடு தோல் படிந்துவிடும், சாதாரண ஈயம் அதில் ஒட்டாது. "ஈயம் உருண்டு ஓடிடுதும்மா, தாமரை இலைத் தண்ணி மாதிரி" என்று அவர் தொழிலை விட்டதற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்வார். ஆகவே நமக்கு எபாக்ஸிதான், இரண்டு குழாய்களில் வந்து, கலந்ததும் இறுகும் பசை. உலோகத்துக்கானது, 150 டிகிரியாவது தாங்கும் என்று அட்டையில் போட்டிருப்பது. ஐந்து நிமிடத்தில் இறுகும் ரகம் வேண்டாம். நாள் முழுக்க எடுத்துக்கொள்ளும் ரகம்தான் சூட்டைத் தாங்குகிறது.

காரில் வைத்தபடியே பூசலாம், ஆனால் கழற்றினால்தான் நிம்மதியாக வேலை நடக்கும். கழற்றிய ரேடியேட்டரின் வாய்களை ரப்பர் அடைப்பான் போட்டு மூடி, ஒன்றில் மட்டும் சைக்கிள் பம்பை இணைத்து, தொட்டித் தண்ணீரில் அமுக்கினேன். மூடியில் இருந்த எண்ணுக்கு மேல் காற்று ஏற்றக் கூடாது. விசிறிப் பக்கம், மேலிருந்து 9ஆவது குழாயில் கடுகளவு குமிழிகள் வரிசையாக வந்தன. அந்த இடத்தில் பெயின்ட் பேனாவால் ஒரு புள்ளி.

குழாய்களுக்கு நடுவே நெளிநெளியாக இருக்கும் மெல்லிய தகடுகள்தாம் ஃபின். துளையைச் சுற்றி ஒரு சென்டிமீட்டருக்கு அவற்றை மூக்குக் குறடால் பிடித்து மெல்ல உருவினேன். குழாயைச் சேர்த்துப் பிடித்துவிட்டால் ஒரு துளை இரண்டாகும். குழாய் வெளியே தெரிந்ததும் சின்னக் கம்பி பிரஷ், பிறகு 80 எண் உப்புத்தாள். கறுப்பும் பளபளப்பும் போய்ச் சாம்பல் நிறத்தில் கீறல் கீறலாகத் தெரிய வேண்டும். எபாக்ஸி பிடித்துக்கொள்வது அந்தக் கீறல்களைத்தான். அதன் பின் அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்தேன். துணியில் கறுப்பு வராமல் இருக்க நாலு துணி ஆனது. துடைத்த இடத்தை விரலால் தொட்டால் மறுபடி துடைக்க வேண்டும், விரலில் எண்ணெய் இருக்கும். உள்ளே ஈரம் ஒளிந்திருக்கும், அதனால் ஒரு மணி நேரம் வெயிலில் வைத்தேன்.

இரண்டு குழாயிலிருந்தும் சம அளவு பிதுக்கி, கறுப்பும் வெள்ளையும் கோடு தெரியாத ஒரே சாம்பல் ஆகும்வரை இரண்டு மூன்று நிமிடம் குழைத்தேன். முதலில் துளிப்போல எடுத்துத் துளைக்குள் அழுத்தித் தேய்க்க வேண்டும். இந்த இடத்தில் ஒரு தந்திரம்: ரேடியேட்டரின் வாயில் வேக்குவம் கிளீனர் குழாயைத் தளர்வாகப் பிடித்து இரண்டு நொடி உறிஞ்ச விட்டால் எபாக்ஸி உள்ளே இழுக்கப்பட்டு ஆணி மாதிரி தலை வைத்துக்கொள்ளும். ரேடியேட்டர் முழுக்கக் காலியாக இருக்க வேண்டும், அசிட்டோன் வாடையும் போயிருக்க வேண்டும். அப்புறம் சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் பரவும்படி இரண்டாம் பூச்சு, இரண்டு மில்லிமீட்டர் கனம். மேடு கட்டினால் பலம் என்று நினைக்காதீர்கள்; காற்று ஓட்டத்தை மறைப்பதுதான் மிச்சம். 24 மணி நேரம் தொடவில்லை. மறுநாள் தொட்டியில் மீண்டும் அமுக்கினேன், குமிழி இல்லை.

குழாய் நீளவாக்கில் கிழிந்திருந்தால் பூசிப் பயனில்லை. அந்த ஒரு குழாயை நடுவில் வெட்டி, இரு முனைகளையும் குறடால் சப்பையாக்கி, மடித்து, அதன் மேல் எபாக்ஸி பூசி அந்தக் குழாயையே மூடிவிடலாம். நாற்பது குழாயில் ஒன்று போனால் கார் கவனிக்காது. நாலைந்து போனால் கவனிக்கும். 1900இல் வில்ஹெல்ம் மேபாக் வடிவமைத்த மெர்சிடிஸ் 35 குதிரைத்திறன் வண்டியின் தேன்கூட்டு ரேடியேட்டரில் 8,070 குழாய்கள், ஒவ்வொன்றும் 6 மில்லிமீட்டர் சதுரம். இதைச் சொன்னதும் சித்தப்பா கேட்டது ஒன்றே ஒன்று: "அதுல லீக்கைத் தேடினவன் யாரு?"

டேங்க் விரிசல் என்றால்

மாற்றிவிடுங்கள். அந்தப் பிளாஸ்டிக் கண்ணாடி நார் கலந்த நைலான். வருடக்கணக்காகச் சுடுகூலன்டில் ஊறி நொறுங்கும் பதத்துக்கு வந்த பிறகுதான் விரிகிறது. விரிந்த இடத்தை ஒட்டினால் பக்கத்தில் விரியும். எபாக்ஸியும் நைலானில் சரியாகப் பிடிக்காது. நான் ஒட்டிப் பார்த்தேன், இரண்டு வாரம் தாங்கியது. விளிம்பு ரப்பர் மட்டும் ஒழுகினால், பற்களை நிமிர்த்தி வளையத்தை மாற்றி மறுபடி மடக்கித் தருகிற பட்டறைகள் உண்டு. ஆனால் பழைய பல் நிமிர்த்தும்போதே முறியும்.

மாற்றுவது பயப்படும் அளவுக்கு இல்லை. பேட்டரி மைனஸைக் கழற்றுங்கள். அடியில் அகலத் தொட்டி வைத்து வடிகால் திருகைத் திறங்கள். அதுவும் பிளாஸ்டிக்தான், பதமாக. விசிறியின் ஒயரைப் பிரித்து, விசிறியைக் கூட்டோடு மேலே தூக்குங்கள். மேல், கீழ், டப்பா ஹோஸ்கள். ஆட்டோமேட்டிக் என்றால் கியர் ஆயில் குழாய்கள் இரண்டு இருக்கும், கழற்றியதும் நுனிகளை மூடிவைக்கவும். முன்னால் ஒட்டினாற்போல் இருப்பது ஏ.சி. கண்டன்சர், அதைத் தாங்கும் போல்ட்டை மட்டும் எடுத்து ஓரமாகச் சாய்த்துக் கட்டுங்கள், அதன் குழாய்களில் கை வைக்காதீர்கள். பிறகு மேல் பிடிமானங்கள் இரண்டு, அவ்வளவுதான். ரேடியேட்டர் நேராக மேலே வரும். அடியில் இருக்கும் ரப்பர் காலணிகள் பழையதோடு ஒட்டிக்கொண்டு போய்விடும். மறக்காமல் எடுத்துப் புதியதற்குப் போடுங்கள். நான் ஒன்றை மறந்து எல்லாவற்றையும் திரும்பக் கழற்றினேன். புதிய ரேடியேட்டரை இறக்கும் முன் இரு முகத்திலும் அட்டையை ஒட்டிக்கொண்டால் விசிறியின் மூலை பட்டு ஃபின் நசுங்காது.

நிரப்புவது

நிறத்தைப் பார்த்துக் கூலன்ட் வாங்காதீர்கள். நிறம் வெறும் சாயம், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கையேட்டில் போட்டிருக்கும் வகை எதுவோ அது. வகை மாறி இரண்டைக் கலந்தால் துருத் தடுக்கும் மருந்து வீணாகும், சில சமயம் உள்ளே கூழாகவும் கட்டும். தண்ணீர் என்றால் டிஸ்டில்டு வாட்டர். குழாய்த் தண்ணீரின் உப்பு காரையாகப் படியும், அதன் குளோரைடு அலுமினியத்தை அரிக்கும்.

கணக்கில் ஒரு பொறி இருக்கிறது. ரேடியேட்டரை வடித்தாலும் இன்ஜினுக்குள் கொஞ்சம் தங்கிவிடும். மொத்தம் 5.5 லிட்டர் பிடிக்கும் காரை வெறும் தண்ணீர் விட்டு அலசினீர்கள் என்றால், வடித்த பிறகும் உள்ளே 2 லிட்டர் தண்ணீர் நிற்கலாம். அதன் மேல் சரிபாதி கலவையை ஊற்றினால் கலவை நீர்த்துப்போகும். முதலில் கலக்காத கூலன்ட் 2.75 லிட்டர், பிறகு மீதி 0.75 லிட்டர் டிஸ்டில்டு வாட்டர் என்று ஊற்றினால் சரியாக வரும். எவ்வளவு வடிந்தது என்று அளந்துவைத்துக்கொண்டால் எவ்வளவு தங்கியது என்று தெரியும். ஆய்வகப் புத்தி, ஆனால் உதவுகிறது.

அடுத்து காற்றை விரட்ட வேண்டும். முன்பக்கம் சற்று உயரமாக நிற்கட்டும். காற்றுத் திருகு இருக்கும் காரில் அதைத் திறந்துவைத்து, குமிழி இல்லாமல் கூலன்ட் வரும்வரை மெதுவாக ஊற்றி மூடுங்கள். மூடி ரேடியேட்டரின் மேலேயே இருக்கும் காரில், அதைத் திறந்தபடி இன்ஜினை ஓட விட்டு, ஹீட்டரை உச்ச சூட்டில் வையுங்கள். மேல் ஹோஸை அவ்வப்போது அமுக்கி விட்டால் "களக் களக்" என்று குமிழி வரும், மட்டம் இறங்கும், ஊற்றுங்கள். 82இலிருந்து 92 டிகிரிக்குள் எங்காவது தெர்மோஸ்டாட் திறக்கும்; சூடேறியதும் கூலன்டை ரேடியேட்டருக்குள் ஓட விடும் வால்வு அது. திறந்ததும் கீழ் ஹோஸ் சூடாகும், மட்டம் திடீரென்று விழும். நிரப்பி மூடிவிட்டு, விசிறி இரண்டு முறை ஓடி நிற்கும்வரை காத்திருங்கள். ஹீட்டரில் நல்ல சூட்டுக் காற்று வந்தால் காற்றடைப்பு இல்லை. மறுநாள் காலை, குளிர்ந்த இன்ஜினில் டப்பாவில் மட்டத்தைப் பாருங்கள், கொஞ்சம் இறங்கியிருக்கும், ஊற்றலாம். ஒவ்வொரு நாளும் இறங்கினால் மீண்டும் டார்ச்.

அட்டையை உடனே எடுத்துவிடாதீர்கள். ஊசித்துளையை அடைத்த மறுநாள் அட்டையில் மூன்று சொட்டு. அடுத்த நாள் இரண்டு. எனக்குக் கண் இருண்டது. எபாக்ஸி போட்ட இடமோ எலும்பு மாதிரி உலர்ந்திருக்கிறது. கடைசியில் பார்த்தால், வேலை செய்யும்போது நான் சிந்திய கூலன்ட் அடித்தட்டுப் பிளாஸ்டிக்கின் பள்ளத்தில் தேங்கி, கார் ஓடி ஆடும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்திருக்கிறது. இரண்டு குவளைத் தண்ணீர் விட்டுக் கழுவினேன். மறுநாள் அட்டையில் பென்சில் கோடு மட்டும் இருந்தது.